காது கொடுத்துக் கேட்டால்

தறி ஓடும் ஊரில் பிறந்தவனுக்குக் காது மந்தமாகத்தான் இருக்கும் என்று வெளியூர் விருந்தாளிகள் எண்ணிக்கொள்வது வழக்கம். சோமனூர் ரயில் நிலையத்தில் இறங்கி வீதிக்குள் நுழைந்த மாத்திரத்தில், இரு புறத்துத் தறிக்குடோன்களிலிருந்தும் எழுகிற அந்த இடைவிடாத தடதடப்பைக் கேட்டுத் திகைத்து, இதற்குள் எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறீர்களோ என்று நம் காதருகே வந்து கத்துவார்கள். ஆனால் எட்டுத் தறிகளுக்கு நடுவே தனியாளாக நின்று பழகியவனுடைய அனுபவம் இதற்கு நேர்மாறானது. முதுகுக்குப் பின்னால் ஓடுகிற தறியில் நாடா பாய்வதில் இம்மியளவு பிசகு நேர்ந்தாலும் அவன் தலை திரும்புவதற்கு முன்பே கை அந்தப் பக்கம் போய்விடும். பேரிரைச்சலுக்குள் ஒற்றை ஓசையைப் பிரித்தெடுக்கிற அந்த வித்தையை அவன் யாரிடமும் பாடமாகக் கற்றதில்லை.

இப்படிப்பட்ட ஊர்க்காதோடு நான் ஒரு ஜப்பானியச் சித்திரப் படத்தைப் பார்க்க நேர்ந்தது. 'மிமி வோ ஸுமஸெபா' என்பது அதன் பெயர். 1995-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜிப்லி என்ற சித்திரக்கூடத்திலிருந்து வெளிவந்தது. ஆங்கிலத்தில் அதற்கு இதயத்தின் மெல்லொலி என்ற பொருள்படும் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அது காதல் கதைக்குப் பொருந்தும், இந்தக் கதைக்குப் போதாது. மூலப் பெயருக்குக் 'காது கொடுத்துக் கேட்டால்' என்று பொருள் சொல்லலாம். கலங்கிய நீரைத் தெளியவைப்பதற்கும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதற்கும் அந்த மொழியில் ஒரே வினைச்சொல்தானாம். அதை அறிந்தபோதே எனக்குப் படத்தின்மீது பாதி அபிமானம் பிறந்துவிட்டது.

எனக்கு அதைக் காட்டியவள் பதினொன்றாம் வகுப்பு வாசிக்கிற என் மகள்வயிற்றுப் பேத்தி. "அப்புச்சி, ரண்டு மணி நேரங்கூட இல்லீங்க, பேசாம உக்காந்து பாருங்க" என்று சொல்லித் தொலைக்காட்சிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஜிப்லி படங்கள் 2020-இல் நெட்பிளிக்ஸ் வழியாக நம் நாட்டுக்கு வந்தபோது அவளும் அவள் சிநேகிதிகளும் அவற்றை வரிசையாகப் பார்த்தார்களாம். மற்ற படங்களில் பறக்கும் கோட்டைகளும் வனதேவதைகளும் இருக்க, ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றுகிற இந்த ஒரு படத்துக்கே திரும்பத் திரும்ப வந்தார்களாம். ஏன் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். தெரியவில்லை என்று சொல்லக்கூடிய ரசனைதான் விசாரிக்கத் தகுந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோக்கியோவின் மேற்குப் புறத்தில், மலையை வெட்டி எழுப்பிய குடியிருப்பு ஒன்றின் நெருக்கமான வீட்டில், ஷிஸுகு என்ற பதினான்கு வயதுப் பெண் வசிக்கிறாள். தகப்பனார் நூலக ஊழியர். தாயார் நடுவயதில் மறுபடி பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிக்கிறவள். நூலகத்தில் தான் எடுக்கிற புத்தகங்களை எல்லாம் தனக்கு முன்பே ஸெய்ஜி என்ற பெயருள்ள ஒருவன் எடுத்திருப்பதை, புத்தகத்துக்குள் இருக்கும் அட்டையிலிருந்து அவள் கண்டுகொள்கிறாள். ரயிலில் பிரயாணிகளோடு பிரயாணியாக ஏறிவந்த ஒரு கொழுத்த பூனையைப் பின்தொடர்ந்து, மேட்டின் உச்சியிலிருக்கும் பழம்பொருட்கடையை அடைகிறாள். அந்தக் கடைக்காரக் கிழவரின் பேரன்தான் ஸெய்ஜி. அவன் வயலின் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறான். இத்தாலியில் வயலினுக்குப் பேர்போன கிரெமோனாவுக்குப் போய் இரண்டு மாதம் பயிற்சி பெற வேண்டும் என்ற சங்கற்பம் அவனுக்கு. தன் வயதுப் பையன் ஒருவன் தன் வாழ்க்கையைத் தீர்மானித்துவிட்டதைக் கண்டு, தான் எதற்கும் லாயக்கில்லையோ என்று கலங்கிய ஷிஸுகு, அவன் திரும்பி வருவதற்குள் ஒரு கதை எழுதி முடிப்பதென்று உட்காருகிறாள். எழுதி முடிக்கிறாள். அவ்வளவுதான்.

வில்லன் இல்லை, விபத்து இல்லை, பெற்றோர் கூட, பரீட்சையில் மதிப்பெண் சரிந்ததைக் கண்டு கூச்சலிடாமல், குறுகலான அந்த வீட்டில் மேஜையருகே அமர்ந்து, அவள் சொல்வதைக் கேட்டு, உன் வழியில் போய்ப் பார், ஆனால் விளைவு எதுவானாலும் பிறர்மீது பழி போட முடியாது என்ற கருத்துப்பட மெதுவாகச் சொல்லி அனுமதிக்கிறார்கள். நம் ஊரில் பொதுத்தேர்வு ஆண்டில் இப்படி ஒரு தகப்பனார் பேசினால் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் ஓடியிருப்பார்கள் என்று நான் சொன்னபோது பேத்தி சிரிக்கவில்லை.

இந்தப் படத்தின் ஜீவன் எங்கே இருக்கிறது என்று கேட்டால், கடைக்காரக் கிழவர் நிஷி அந்தக் கதையை வாசிக்கிற கட்டத்தைத்தான் நான் காட்டுவேன். முதல் வாசகராக இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டவர் அவர். கையெழுத்துக் காகிதக் கட்டைக் கொடுத்துவிட்டு, இப்போதே வாசித்தாக வேண்டும் என்று அவள் பிடிவாதம் செய்கிறாள். அவரும் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்குகிறார். அவளோ வெளியே மலைச்சரிவைப் பார்த்த இடத்தில், ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படும் வரை, குளிரில் குறுகிக் காத்துக்கிடக்கிறாள். வாசித்து முடித்து அவர் வெளியே வந்து நன்றி சொன்னதும், பொய் சொல்லாதீர்கள், அது நன்றாக இல்லை என்று எனக்கே தெரியும் என்று வெடிக்கிறாள். அவர் அதை மறுக்கவில்லை என்பதுதான் விசேஷம். முரட்டுத்தனமாக, ஒளிவுமறைவின்றி, முற்றுப்பெறாமல் இருக்கிறது, என் பேரனுடைய வயலினைப் போலவே என்கிறார். அழுகிறவளை உள்ளே அழைத்துப் போய் ஆவி பறக்கும் நூடுல்ஸ் போட்டுக் கொடுக்கிறார்.

பதினாறு வயதில் நானும் ஒரு கதை எழுதி, எங்கள் பக்கத்தில் இலக்கியப் பிரசித்தி பெற்றிருந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்தைத் திருப்பாமலே "பிரமாதம் தம்பி" என்றார். மறுமுறை போனபோது அந்தக் காகிதத்தின்மேல் காபி டம்ளர் வைத்த வட்டம் இருந்தது. திட்டியிருந்தால் ஒருவேளை இன்னொன்று எழுதியிருப்பேன்.

நிஷிக் கிழவர் அந்தப் பெண்ணுக்குத் தருகிற கல்லைப்பற்றிச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. பார்வைக்குக் கரடுமுரடான அபிரகப் பாறைத் துண்டு அது. அதன் பிளவில் ஒளியைப் பிடித்து எட்டிப் பார்த்தால் உள்ளே பச்சை மின்னும். பெரில் என்று பெயர் பெற்ற ரத்தினக்கல். மரகதம் அதன் ஒரு ஜாதி. ஷிஸுகுவும் ஸெய்ஜியும் இன்னும் பட்டை தீட்டாத இந்தக் கல்லைப் போன்றவர்கள் என்பது அவருடைய கருத்து. ஜப்பானிலே ஒரு கிழவர் இந்தக் கல்லை எடுத்து நீட்டும்போது, சோமனூரிலிருக்கிற நான் நிமிர்ந்து உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. காங்கேயத்துக்கு அருகே படியூரில் கிடைத்த பெரில்கற்கள்தாம் ஒரு காலத்தில் கடல் கடந்து ரோமாபுரி வரை போயின. எங்கள் நொய்யல் ஆறு கிழக்கே ஓடி அடைகிற கொடுமணலில், 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, மணிகள் செய்த பட்டறைகளே வெளிப்பட்டன. துளையிட்டு மெருகேற்றிய மணிகளோடு, பாதியில் நின்றவையும், வேலையின்போது உடைந்தவையும், கை படாத மூலக்கற்களும் சேர்ந்தே கிடைத்தன. பெரில் என்ற ஐரோப்பியச் சொல்லே வெளுரிய என்ற நம் நாட்டுப் பிராகிருதச் சொல்லின் வழித்தோன்றல் என்று சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். அந்தப் பாதி மணியைச் செய்தவன் எத்தனை வயதுப் பையனோ. அவனுக்கும் எதிரே ஒரு நிஷி உட்கார்ந்திருந்தாரா என்று அன்றிரவு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

படத்தின் திரைக்கதையும் காட்சிப் படவரிசையும் ஜிப்லியின் பிரசித்தமான இயக்குநர் ஹயாவோ மியாசாகியுடையவை. மூலக்கதை அவோய் ஹீராகி என்ற பெண் எழுத்தாளர் 1989-இல் சிறுமியர் பத்திரிகை ஒன்றில் வரைந்த சித்திரத்தொடர். அதில் ஸெய்ஜி ஓவியம் வரைகிற பையன். அவன் கையில் உளியைக் கொடுத்து, மரத்தைச் செதுக்கும் தொழிலாளியாக்கியது திரைப்படம் செய்த மாற்றம். என் அபிப்பிராயத்தில் படத்தின் பாக்கியம் முழுவதும் அந்த ஒரு மாற்றத்தில் அடங்கியிருக்கிறது. ஓவியனின் திறமையை நாம் வெறுமனே நம்பிக்கொள்ள வேண்டியிருக்கும்; உளி பட்ட மரச்சுருளோ மேஜைமேல் விழுந்து கிடக்கிறது.

ஆனால் இதை இயக்கியவர் மியாசாகி அல்லர். யோஷிபூமி கொண்டோ என்பவர். அதுவரை பிறருடைய படங்களுக்குப் பாத்திரங்களை வடிவமைத்தும் சித்திரக்காரர்களை மேய்த்தும் வந்த அடக்கமான மனிதர். வீதியில் போகிற வருகிற சாமானியரை, குழந்தையின் காலணியைக் குனிந்து மாட்டிவிடும் தாயை, பெஞ்சில் தூங்கி விழும் முதியவரை, பார்த்தபடியே வரைந்து வைக்கும் வழக்கம் உடையவர். அந்தக் கண்தான் படமெங்கும் பரவிக் கிடக்கிறது. முதல் காட்சியில் கதாநாயகி இரவில் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறாள்; மேஜை முழுக்கக் காகிதம் பரப்பிய தாயார் பிளாஸ்டிக் பையைப் பார்த்து முணுமுணுக்கிறாள். ஷிஸுகு எழுதும் கதையாக விரிகிற, பறக்கிற பூனைப் பிரபுவும் மிதக்கிற தீவுகளும் வரும் கனவுக் காட்சிகளின் வர்ண விசித்திரம் மெச்சத்தக்கதே. எனினும் அந்தச் சமையலறையின் நெருக்கடிக்கு அவை ஈடாகமாட்டா.

கொண்டோ பிறந்தது நிகாடா மாகாணத்துக் கோஸென் என்ற ஊரில். அந்த ஊர் எதற்குப் பெயர்பெற்றது என்று தேடிப் பார்த்தேன். பட்டு நெசவுக்கும் பின்னலாடைக்குமாம்! சோமனூரும் திருப்பூரும் சேர்ந்தாற்போன்ற ஓர் ஊரில், தறியோசை கேட்டு வளர்ந்திருக்கக்கூடிய ஒருவர், 'காது கொடுத்துக் கேட்டால்' என்று படமெடுத்திருக்கிறார். அவருக்கு மியாசாகியின் வாரிசு என்ற எதிர்பார்ப்பு இருந்தது. 1998 ஜனவரியில், நாற்பத்தேழாம் வயதில், ரத்தக்குழாய் வெடித்து அவர் காலமானார். இயக்கிய படம் இது ஒன்றுதான். முடிவுறாத முதல் முயற்சிகளைப் பற்றிய படமே அவருக்கு முதலும் முடிவுமாக அமைந்துபோயிற்று. ரசிகர்கள் இந்தப் படத்தின் பெயரைச் சொல்லும்போது குரல் சற்றுத் தணிவதற்கு இதுவும் ஒரு ஹேது.

இசையைப் பற்றி ஒரு வார்த்தை. ஜான் டென்வர் பாடி 1971-இல் பிரசித்தமான ஊர்ப்பாதைப் பாட்டு, படம் முழுவதும் ஊடையாக ஓடுகிறது. அமெரிக்க மலைநாட்டை நினைத்து ஏங்குகிற அந்தப் பாட்டை ஷிஸுகு தன் மொழிக்குக் கொண்டுவர முயன்று, தன் ஊரில் ஏங்குவதற்குக் காடும் இல்லை ஓடையும் இல்லை என்று கண்டு, கான்கிரீட் சாலையைப் பற்றிக் கேலியாக இன்னொரு பாட்டுக் கட்டுகிறாள். பூர்வீகத் தோட்டங்கள் சைட்டுகளாகி, எல்லைக்கல்லுக்கு மஞ்சள் பூசி நிற்பதைத் தினமும் பார்க்கிற கொங்குநாட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கேலிக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. பின்னர் பட்டறையில் ஸெய்ஜி வயலினைத் தோளில் வைத்ததும் அவள் கூச்சத்தோடு பாடத் தொடங்குகிறாள். முதல் வரி நடுங்குகிறது. கிழவரும் அவருடைய தோழர்கள் இருவரும் பழங்கால வாத்தியங்களோடு ஓசைப்படாமல் உள்ளே வந்து சேர்ந்துகொள்ள, நடுக்கம் எந்த இடத்தில் நீங்கிற்று என்று நமக்குத் தெரியாமலே நீங்கிவிடுகிறது. டால்பி டிஜிட்டல் ஒலிமுறையைக் கையாண்ட முதல் ஜப்பானியப் படம் இதுதான் என்கிறார்கள், பெயருக்கேற்ற பெருமை.

ரசிகர்களின் பக்தியையும் சொல்லியாக வேண்டும். கதைக்கு முன்மாதிரியான ஸெய்ஸெகி ஸகுராகாவோகா என்ற ரயில் நிலையத்தில், 2012 முதல் வண்டி வரும்போது ஒலிப்பது அந்த ஊர்ப்பாதைப் பாட்டின் மெட்டுத்தான். நிலையத்தருகே படத்தின் பழம்பொருட்கடைச் சாயலில் ஒரு தபால்பெட்டி நிற்கிறது. பழனிக்குப் பாதயாத்திரை போகிற நம்மவர்களைப்போல, அங்கே இறங்கி அந்த வளைந்த மேட்டுப்பாதையில் மூச்சுவாங்க ஏறிப் போகிறார்கள். மேலே பழம்பொருட்கடை கிடையாது. அது தெரிந்துதான் ஏறுகிறார்கள். இணையத்தில் இரவு முழுக்க மெல்லிசை ஒலிபரப்பி மாணவர்களைப் படிக்கவைத்த பிரபலமான அலைவரிசை ஒன்று, ஆரம்பத்தில் இந்த ஷிஸுகு உட்கார்ந்து எழுதுகிற படத்தைத்தான் போட்டிருந்தது. உரிமைப் பிரச்சினைக்குப் பிறகு வேறொரு பெண்ணை வரைவித்தார்கள். நம் நாட்டு இளைஞர்களும் சளைத்தவர்கள் அல்லர்: மகோதோ ஷிங்காயின் ஒரு சித்திரப் படம் இங்கே திரையரங்குக்கு வர வேண்டுமென்று ஆயிரமாயிரமாகக் கையெழுத்திட்டு, 2019 அக்டோபரில் அதை வரவழைத்தேவிட்டார்கள்.

குறை இல்லையா? உண்டு. விடியற்காலையில் மேட்டுக்குச் சைக்கிளில் அழைத்துப் போய்ச் சூரியோதயத்தைக் காட்டிவிட்டு, பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத பையன் கல்யாணப் பேச்சு எடுக்கிறான். அவளும் சரி என்கிறாள். "முதல்ல வயலினை முடிக்கட்டும்" என்றேன். "போங்க அப்புச்சி" என்று பேத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அந்த ஏற்றத்தில் ஷிஸுகு பின்னிருக்கையிலிருந்து குதித்து இறங்கி, சுமையாக இருக்க மாட்டேன் என்று சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளுகிறாளே, அதற்காக அந்தக் கல்யாணப் பேச்சை மன்னித்துவிடலாம்.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. கரைமேல் ஒரு பாதை. அதில் ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். நான் அணைக்கும் பொத்தானைத் தேடினேன். "ஐயோ, இருங்க அப்புச்சி, இன்னும் முடியல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கதையின் நடுவில் மனக்கசப்போடு விடப்பட்ட ஷிஸுகுவின் சிநேகிதி அந்தப் பாதையில் நிற்கிறாள், யாருக்காகவோ காத்திருக்கிறாள். பின்கட்டுத் தறிக்குடோனில் இரவுப் பாளி மாறி, ஓசை ஒரு நிமிஷம் அடங்கி மீண்டும் எழுந்தது. திரையில் பந்தாட்டக்காரப் பையன் ஒருவன் படியேறி ஓடிவந்தான்.