பேயும் பூவாடைக்காரியும்: ‘அகாலச் சாவு’ என்னும் அளவுகோலின் போதாமை

அகாலத்தில் இறந்தோர் பேயாவர் என்னும் வரையறை நாட்டார் வழக்காற்றாய்வில் நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது. திருநெல்வேலிப் பகுதி மக்களின் சமயம் குறித்து 1849இல் எழுதிய இராபர்ட் கால்டுவெல், திடீரெனவோ கொடிய முறையிலோ மாண்டோரே பெரும்பாலும் பேய்களாக வணங்கப்பெறுவதாகக் கருதினார். சாவின் தன்மையே ஆவியின் தன்மையை முடிவுசெய்கிறது என்பது இவ்வரையறையின் உட்பொருள். வட தமிழகத்தின் பூவாடைக்காரி வழிபாடு இதனை ஐயத்திற்கு உள்ளாக்குகிறது.

ஆரணியை அடுத்த பட்டு நெசவூராகிய சேவூரை உள்ளடக்கிய பழைய வட ஆர்க்காடு, தென்னார்க்காடு வட்டாரங்களில் பூவாடைக்காரி வீட்டுத்தெய்வமாக விளங்குகிறாள். கணவன் உயிரோடிருக்கப் பூவும் பொட்டுமாக இறந்த பெண்ணே பெரும்பாலும் இப்பெயர் பெறுகிறாள். திருமணம் முதலிய மங்கல நிகழ்வுகளுக்கு முன் அவளை அழைத்துப் புடவை, பூ, மஞ்சள் வைத்துப் படையலிடுவர். பிள்ளைப்பேற்றிலோ நோயிலோ இளவயதில் இறந்தவளும் இவ்வாறு தெய்வமாகலாம். அவளது சாவும் அகாலச் சாவே. ஆயினும் அவள் பேயாகக் கருதப்படுவதில்லை.

தென்னார்க்காட்டுப் பகுதியில் களப்பணி செய்த இசபெல் நபோகோவ், 2000இல் வெளியான தம் நூலில் இவ்விரு சடங்குகளையும் விரிவாக ஆராய்கிறார். இளம் மனைவியரைப் பற்றும் பேய்கள் பெரும்பாலும் அகாலத்தில் மாண்ட ஆண்கள் என்பதும், பிடிபட்டவளின் மயிர்க்கற்றையை மரத்தில் ஆணியடித்துப் பேயை விலக்குவர் என்பதும் அவர் தரும் செய்திகள். பூவாடைக்காரியையோ பம்பைக்காரர்கள் பாடியழைக்க, குடும்பம் எதிர்கொண்டு வீட்டிற்குள் கொணர்கிறது. ஒன்று வீட்டைவிட்டு விலக்கும் சடங்கு. மற்றது வீட்டிற்குள் அழைக்கும் சடங்கு. இவ்வேறுபாட்டை அவர் தன்னிலை குறித்த உளவியல் நோக்கிலேயே பெரிதும் விளக்குகிறார். உறவு முறையும் பெண்ணின் மண நிலையும் இவ்வேறுபாட்டில் வகிக்கும் பங்கு மேலும் அழுத்தம் பெறவேண்டும்.

ஆவியின் நிலை மாறத்தக்கது என்பதற்குப் பிறநாட்டுச் சான்றும் உண்டு. சப்பானில் நாடுகடத்தப்பட்டு 903இல் இறந்த சுகவாரா நோ மிச்சிசானே முதலில் பழிவாங்கும் ஆவியாக அஞ்சப்பெற்றார். பின்னர்க் கித்தானோவில் கோயில் கொண்டு கல்வித் தெய்வமானார். அவருடைய சாவு மாறவில்லை. உயிருடனிருந்தோர் அவரோடு கொண்ட உறவே மாறியது.

எனவே, ‘இவ்வாவி எத்தகையது’ என்பதைவிட, ‘இறந்தவர் யாருக்கு என்ன உறவு, அவ்வுறவை ஏற்போர் யார்’ என்னும் வினாவே பொருத்தமானது. அவ்வாறு வினவினால் மற்றோர் உண்மையும் புலனாகும். மனைவியாக இறந்தவளுக்குப் புகுந்த வீடு புடவை வைத்துப் படைக்கிறது. மணமாகாமலோ கைம்பெண்ணாகவோ இறந்தவளுக்குப் ‘பூவாடை’ என்னும் பெயரே எளிதில் பொருந்துவதில்லை. உயிரோடிருந்தபோது பெண்ணுக்கு மணவுறவால் அளக்கப்பட்ட மதிப்பு, இறந்தபின்னும் அதே அளவுகோலால் அளக்கப்படுகிறது. பேய்களையும் தெய்வங்களையும் பட்டியலிடுவதோடு நின்றுவிடும் ஆய்வில் இவ்வளவுகோல் கண்ணுக்குத் தப்பிவிடும்.