ஆடையும் நிறமும்: மாந்திரீகம் பற்றிய ஓர் இறையியல் திறனாய்வு

மார்கழித் திங்களில் ஆத்தூர்ப் பேருந்து நிலையத்தில் சற்று நேரம் நிற்பவர், ஆடையின் நிறத்தைக் கொண்டே பயணிகள் செல்லுமிடத்தை அறிந்துகொள்ளலாம். கருப்பு வேட்டி சபரிமலைக்கு; செவ்வாடை மேல்மருவத்தூருக்கு; பச்சையும் காவியும் பழனிக்கு. நம் சபைகளில் கைமாறும் சில சிறு வெளியீடுகள் இவற்றையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, கருப்பும் சிவப்பும் பிசாசின் நிறங்கள் என்றும், அவற்றை அணிபவர் மாந்திரீகக் கட்டுக்குள் இருப்பவர் என்றும் தீர்ப்பளிக்கின்றன. விசுவாசத்திற்கு வரும் ஒருவரிடம் அவருடைய பழைய ஆடையைக் கொளுத்தச் சொல்லும் வழக்கம் இக்கருத்தினின்றே பிறக்கிறது. நிறத்திற்குத் தன்னிலேயே ஆற்றல் உண்டு என்கிறான் மந்திரவாதி. வெளியீட்டை எழுதிய ஊழியரும் அதையேதான் சொல்கிறார். அந்த ஆற்றல் நல்லதா தீயதா என்பதில் மட்டுமே இருவரும் வேறுபடுகின்றனர். இவ்வொற்றுமை நம்மைக் கலங்கச் செய்ய வேண்டும்.

நிறத்திற்கு ஆற்றல் உண்டென்று வெளிப்படையாகக் கூறுவோரை முதலில் நோக்குவோம். மேலை நாடுகளில் 'விக்கா' என்னும் பெயரால் பரவியுள்ள நவீன மாந்திரீக சமயத்தை உருவாக்கியவருள் முதன்மையானவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். இளமையில், 1900-இல், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்கு வேலைக்கு வந்தவர் அவர். திருச்சி, சேலம் மாவட்டங்களினின்று கங்காணிகள் அழைத்துச் சென்ற நம் மக்கள் கொழுந்து பறித்த அதே மலைநாடு. இங்கிலாந்தில் 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டது. 1954-இல் கார்ட்னர் தம் நூலை வெளியிட்டு, தொன்மையான ஒரு சமயம் மறைவில் பிழைத்திருக்கிறது என்றார். அது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் ஆக்கமே என்பதை வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1999-இல் விரிவாக எடுத்துக்காட்டினார்.

கார்ட்னர் வழியினர் சடங்கின்போது ஆடையே அணிவதில்லை. அதற்கு அவர்கள் வழங்கும் சொல் 'வானத்தை உடுத்தியவர்' எனப் பொருள்படும். நம் 'திகம்பரர்' என்பதற்கு நேரான சொல். ஆயினும் பிற்காலத்தில் அங்கி அணிவோர் பெருகினர். ஸ்காட் கன்னிங்ஹாம் 1988-இல் தனித்துச் சடங்கு செய்வோருக்கென எழுதிய கைநூலில், குறி பார்ப்பவருக்கு மஞ்சள், நோய் நீக்குபவருக்கு நீலம், மூலிகை நாடுபவருக்குப் பச்சை, விலங்குகளோடு பழகுபவருக்குப் பழுப்பு என்று நிறங்கள் பகுக்கப்பட்டுள்ளன. இப்பட்டியல்கள் சிற்றூர்க் கிழவியரிடமிருந்து வந்தவை அல்ல. 1888-இல் இலண்டனில் தோன்றிய 'பொன் விடியல்' என்ற மறைச் சங்கம் போன்றவற்றின் நிற அட்டவணைகளே இவ்வகைப் பட்டியல்களுக்கு முன்னோடி. பழங்காலத்து மூலிகைக் கிழவி எந்த நிறத்தை உடுத்தினாள்? தன்னிடமிருந்த ஒரே ஆடையின் நிறத்தை.

இதைப் படித்து நகைப்பவர் நம் ஊர் நடைபாதைக் கடைகளில் விற்கும் மாந்திரீக நூல்களைப் புரட்டிப் பார்க்கட்டும். வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகருடணம், பேதனம், வித்துவேடணம், மாரணம் என்னும் அட்டகருமங்கள் ஒவ்வொன்றிற்கும் திசை, இருக்கை, மணிமாலை, மலர், உடுக்கும் ஆடை ஆகியவற்றை அவை வகுத்துரைக்கின்றன. பொதுவாக, வசியத்திற்குச் சிவப்பு, தம்பனத்திற்கு மஞ்சள், மாரணத்திற்குக் கருப்பு. வழக்கில் எதிரியின் நாவைக் கட்ட விரும்புவோர் பகளாமுகியை மஞ்சள் ஆடை உடுத்து, மஞ்சள் மலர் இட்டு, மஞ்சட்கிழங்கு மணிமாலையால் உருவேற்றி வழிபடுவதும் இம்முறையே.

இவ்விரு மரபுகளும் நிறங்களின் பொருளில் ஒத்துப்போவதில்லை. அங்கே குறி பார்க்க உதவும் மஞ்சள் இங்கே எதிரியைத் தம்பிக்கச் செய்கிறது; அதே மஞ்சள்தான் நம் மணப்பெண்ணின் கழுத்துக் கயிற்றிலும் இருக்கிறது. நிறத்தில் இயற்கையாகவே ஓர் ஆற்றல் குடியிருக்குமாயின் இத்தகைய முரண்பாடு எழுந்திராது. ஆனால் செயல்முறையில் இரண்டும் ஒன்றே. மனிதன் தன் விருப்பத்தை முதலில் முடிவு செய்துகொள்கிறான். பின்பு அவ்விருப்பத்திற்கு ஏற்ற நிறத்தைத் தெரிந்து உடுத்துகிறான். ஆடை அவனுடைய கருவி. பிறர் பெரும்பாலும் அக்கருவியின் இலக்கு.

எசேக்கியேல் 13:18-ஐ இப்பின்னணியில் வாசிக்க வேண்டும். ஆத்துமாக்களை வேட்டையாடும் பெண்கள் தைத்தவை யாவை? லூத்தரின் மொழிபெயர்ப்பும் ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கிலத் திருப்புதலும் தலையணை என்றே கொண்டன. நம் பழைய திருப்புதலின் 'தழுவணை'யும் அவ்வழியது. அதனால் பலருக்கு இப்பகுதி விளங்காமலே போயிற்று. எபிரேயச் சொற்கள் மணிக்கட்டில் கட்டும் பட்டைகளையும் தலையை மூடும் முக்காடுகளையும் குறிக்கின்றன என்பதே பிற்கால அறிஞர் பலரின் கருத்து. அதாவது, இது மாந்திரீக ஆடை பற்றிய பகுதி. தீர்க்கதரிசி துணியின் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சிறங்கை வாற்கோதுமைக்கும் அப்பத் துண்டுக்கும் உயிர்கள் விலைபேசப்படுவதையே அவர் கண்டிக்கிறார்.

ஆரோனின் ஆடையும் நிறங்கள் நிறைந்ததுதான்: பொன், இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு, மெல்லிய பஞ்சுநூல். ஆனால் ஆரோன் அதைத் தெரிந்துகொள்ளவில்லை. அது அவனுக்குக் கொடுக்கப்பட்டது. அவன் தோள்களில் பன்னிரு கோத்திரங்களின் பெயர்கள் பொறித்த இரு கற்கள். மார்பிலும் அதே பெயர்கள் (யாத்திராகமம் 28). மந்திரவாதி தன் விருப்பத்தை உடுத்துகிறான். ஆசாரியன் பிறருடைய பெயர்களைச் சுமக்கிறான். பாவநிவாரண நாளில் மகா பரிசுத்த இடத்திற்குள் நுழையும்போதோ எளிய சணல்நூல் ஆடையையே அணிகிறான் (லேவியராகமம் 16:4). ஆற்றலைப் பெருக்குவதே நோக்கமாயின் அன்றுதான் எல்லா நிறங்களையும் அணிந்திருப்பான். எண்ணாகமம் 15:38-39-இல் வரும் நீல நாடாவும் இத்தகையதே: தன் இருதயத்தையும் தன் கண்களையும் பின்பற்றாதபடி நினைவூட்டுவதற்காக அது தரப்பட்டது.

இவ்வளவுகோலைக் கொண்டு மேல்மருவத்தூர்ச் செவ்வாடையை நோக்கினால், அதனை மாந்திரீகத்தோடு சேர்ப்பது நேர்மையற்றது என்பது தெளிவாகும். பங்காரு அடிகளார் (1941-2023) வளர்த்த அவ்வியக்கத்தில், எல்லா மனிதருடைய குருதியும் சிவப்பே என்று அந்நிறத்திற்கு விளக்கம் கூறப்படுகிறது. சாதி வேறுபாடின்றிப் பெண்களும் கருவறைக்குள் சென்று தாங்களே வழிபடலாம், மாதவிலக்கும் தடையன்று. அங்கு வழங்கப்பட்ட அருள்வாக்கைப் பற்றி நமக்கு வலுவான மறுப்புகள் உண்டு. அவற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் எல்லாரும் ஒன்றாக உடுத்தும் ஆடை ஒருவன் இரவில் தனியே எதிரியை எண்ணி உடுத்தும் ஆடை ஆகாது. ஆலயத்தில் சாதிவாரியாக அமரும் பழக்கத்தை இன்னும் முழுவதும் கைவிடாத சபைகள், குருதியின் நிறத்தைப் பற்றிப் பேசுவோரைச் சூனியக்காரர் என்று அழைப்பது எவ்வகையிலும் பொருந்தாது.

மாறாக, எசேக்கியேல் கண்டித்த துணி நம்மிடமே விற்பனையாகிறது. அபிஷேகக் கைக்குட்டை என்ற பெயரில் காணிக்கைக்கு ஈடாக வழங்கப்படும் துணிகளைக் கூறுகிறேன். அப்போஸ்தலர் 19:12 அதற்கு ஆதாரம் காட்டப்படுகிறது. அவ்வசனம் பவுலின் உடலிலிருந்த உறுமால்களையும் கச்சைகளையும் மக்கள் கொண்டுபோனதைக் கூறுகிறது. பவுல் அவற்றைத் தயாரித்ததாகவோ விலை பெற்றதாகவோ கூறவில்லை. அதே அதிகாரத்தில் ஏழு வசனங்களுக்குப் பின், ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு பெறுமான மாந்திரீகப் புத்தகங்களை எபேசுவின் விசுவாசிகள் சுட்டெரித்தனர். அவை பிறருடைய சேலைகள் அல்ல, அவர்களுடைய சொந்தப் புத்தகங்கள் என்பதை நம் வெளியீட்டாசிரியர்கள் கவனிக்கவில்லை.

இறுதியாக, ஆயர்கள் அன்றாடம் சந்திக்கும் ஒன்று. திருமுழுக்குப் பெறுவோருக்கு வெள்ளாடை உடுத்துவது பழைய திருச்சபையின் வழக்கம். நான்காம் நூற்றாண்டு முதலே அதற்குத் தெளிவான சான்றுகள் உண்டு. ஆனால் சேலம், நாமக்கல் பகுதிச் சிற்றூர்களில் வெள்ளைச் சேலை இன்றும் கைம்மைக் கோலத்தையே முதலில் நினைவூட்டும். கணவன் உயிரோடிருக்கும் பெண்ணொருத்தி பூவும் பொட்டும் நீக்கி வெண்சேலையில் வீடு திரும்பினால், அவள் மாமியாரின் கண்ணுக்குத் தெரிவது கிறிஸ்துவின் நீதி அன்று. தன் மகனின் சாவு. அவ்வில்லத்தில் எழும் அழுகையை நாம் 'உபத்திரவம்' என்று அறிக்கையில் எழுதிவிடுகிறோம். கலாத்தியர் 3:27 கிறிஸ்துவைத் தரித்துக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறது. அதற்கு நிறம் குறிக்கவில்லை. சபை தன் செலவில் அவளுக்கு ஒரு புதுச் சேலை வாங்கிக் கொடுக்கட்டும். அதன் நிறத்தைச் சபையின் சுமங்கலிப் பெண்களும் கைம்பெண்களும் கூடியிருந்து முடிவு செய்யட்டும். ஆயர் அதில் தலையிட வேண்டியதில்லை.