சவுலின் கேளாச் செவி

இஸ்ரவேலுக்கு அரசனைத் தேர்ந்தெடுக்க மிஸ்பாவில் போட்ட சீட்டு அவன் பேரில் விழுந்தபோது சவுல் மூட்டைமுடிச்சுகளுக்குள் ஒளிந்திருந்தான். தேடிப் பிடித்து நிறுத்தினார்கள். கூட்டத்தில் எல்லாரையும்விட ஒரு தலை உயரம். ஜனம் ஆர்ப்பரித்தது. சிலர் மட்டும் இவனால் என்ன ஆகும் என்று இளக்காரம் பேசி, காணிக்கையும் கொடுக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள். புதிய அரசன் அதற்கு என்ன செய்தான்? முதலாம் சாமுவேல் 10ஆம் அதிகாரம் இரண்டே எபிரேயச் சொற்களில் முடித்துவிடுகிறது: வயெஹி கெமஹரீஷ்.

ஹ-ர-ஷ் என்ற வேருக்குப் பேசாதிருத்தல், காது கேளாதிருத்தல் என இரு பொருளும் உண்டு. முன்னால் நிற்கும் 'கெ' நம் 'போல'. பழைய தமிழ் விவிலியம் காது கேளாமையையே எடுத்துக்கொண்டது. கேட்டும் கேளாததுபோல் இருப்பது என்னவென்று கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ரபிகளுக்கு இந்தப் பொறுமை பிடிக்கவில்லை. சவுல் தண்டனை பெற்றதே தன் மரியாதையை விட்டுக்கொடுத்ததால்தான் என்று ராவ் சொன்னதாகப் பாபிலோனியத் தல்மூதின் யோமா பகுதி கூறுகிறது. அதற்குச் சான்றும் இதே வசனம். அரச மரியாதை அரசனின் சொந்தச் சொத்து அல்லவாம்.

1952இல் கும்ரான் நான்காம் குகை திறந்தபின் விவாதம் வேறு திசைக்குப் போனது. அங்கு கிடைத்த சாமுவேல் சுருள் ஒன்று கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் மௌனமே இல்லை. அந்த இடத்தில் இருப்பது 'ஏறக்குறைய ஒரு மாதம்' என்ற பொருள் தரும் சொற்கள். இரு பாடங்களையும் பிரிப்பது முக்கியமாக ஓர் எழுத்துதான்: எபிரேயத்தில் 'ர' ஒலிக்கான ரேஷும் 'த' ஒலிக்கான தாலேத்தும் உருவத்தில் இரட்டைப் பிள்ளைகள். எழுத்தர் கண் எளிதில் ஏமாறும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸும் ஒரு மாதம் என்றே சொல்கிறார்கள். சுருளில் கூடுதலாக ஒரு பத்தியும் உண்டு: அம்மோனிய அரசன் நாகாஸ் காத், ரூபன் கோத்திரத்தாரின் வலக்கண்களைப் பிடுங்கியதும், தப்பிய 7,000 பேர் கீலேயாத்தின் யாபேசில் தஞ்சம் புகுந்ததும். இது மூலத்திலிருந்து நழுவிய பகுதி என்றார் ஆய்வாளர் பிராங்க் மூர் கிராஸ். பின்னால் யாரோ சேர்த்த விரிவுரை என்றார் அலெக்சாண்டர் ரோஃபே. 1989இல் வந்த ஆங்கிலத் திருத்த மொழிபெயர்ப்பு ஒன்று பத்தியை உள்ளேயே சேர்த்துக்கொண்டது.

ஒரு மாதம் என்பதே மூலம் என்று எனக்கும் படுகிறது. ஆனால் அதனால் மௌனம் காணாமல் போய்விடாது. எந்தப் பாடத்தை எடுத்தாலும், ஏளனத்துக்குச் சவுல் பதில் சொன்னதாக இல்லை. அடுத்த அதிகாரத்தில் நாகாஸின் பிடியிலிருந்து யாபேசை அவன் மீட்டதும், ஏளனம் செய்தவர்களைக் கொல்ல வேண்டும் என்று ஜனமே கேட்கிறது. இன்று ஒருவனும் சாகக் கூடாது என்று தடுப்பவன் சவுல்தான். எழுத்தர் தவறாகப் படித்திருக்கலாம். ஆளைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

வியப்பு அதற்குப் பிறகுதான். வசையைத் தாங்கியவனால், தாவீதைத் தன்னைவிட உயர்த்திப் பெண்கள் பாடிய பாட்டைத் தாங்க முடியவில்லை. தாவீதுக்கு அப்பம் கொடுத்த குற்றத்துக்காக நோப் ஊரின் 85 ஆசாரியர்களை வெட்டச் சொன்னதும் இதே வாய். மௌனத்தைக் குறை சொன்ன ராவ் இந்த வாயையும் சேர்த்து நிறுத்துப் பார்த்திருக்கலாம்.

கில்போவா மலையில் சவுல் மாண்டபின் பெலிஸ்தர் அவன் உடலைப் பெத்சான் மதிலில் தொங்கவிட்டார்கள். இரவெல்லாம் நடந்து வந்து அதை இறக்கியவர்கள் யாபேஸ் ஊரார். எலும்புகளை மரத்தடியில் புதைத்து ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள்.