தலை சீவிய சங்கீதம்

'ஃப்ரீ க்ளிப்' என்று ஒரு ப்ளக்-இன் இன்டர்நெட்டில் கிடைக்கிறது. வென் ஆடியோ கொடுப்பது. பெயரிலேயே ஃப்ரீ, காசு வேண்டாம். கம்ப்யூட்டரில் பாட்டுப் பதிவு செய்கிற மென்பொருளுக்குள் செருகிக்கொள்ளும் குட்டி மென்பொருள். உங்கள் வீட்டில் ஹெட்போனும் கையுமாகத் திரியும் பையனோ பெண்ணோ இருந்தால் ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கலாம். அது செய்வது ஒரே காரியம்தான். இளநீர்க்காரர் மாதிரி சத்தத்தின் தலையைச் சீவுகிறது.

ஏன் சீவ வேண்டும்? சி.டி.யில் சங்கீதம் என்பது வெறும் எண்கள். ஒவ்வொரு காதுக்கும் வினாடிக்கு 44,100 எண்கள். ஒவ்வொன்றும் மைனஸ் 32,768-க்கும் ப்ளஸ் 32,767-க்கும் இடையில் இருந்தாக வேண்டும். அதற்கு மேல் எண்ணே கிடையாது. கூரை. ஒரு ட்ரம் அடி அந்தக் கூரையைத் தொட்டுவிட்டால், மொத்தப் பாட்டையும் அதற்கு மேல் தூக்க முடியாது. அந்த அடியின் உச்சி ஆயிரத்தில் ஓரிரு பங்கு வினாடிதான். ஆனாலும் வாசற்படியின் உயரத்தைத் தீர்மானிப்பது வீட்டிலேயே நெட்டையான ஆசாமிதானே! க்ளிப்பர் அந்த உச்சியை நறுக்கிவிட்டு, மீதியை உயர்த்த இடம் தருகிறது. காது பெரும்பாலும் கவனிப்பதில்லை.

'லிமிட்டர்' என்று இதற்கு ஒரு அண்ணன் உண்டு. உச்சி வரும்போது வால்யூமைக் குறைத்து, போனபின் மெல்ல ஏற்றிவிடும். கொஞ்சம் அதிகமானால் ட்ரம்ஸ் சோகை பிடித்துவிடும். க்ளிப்பருக்கு அந்த நாசூக்கெல்லாம் இல்லை. வெட்டு ஒன்று, துண்டு ரெண்டு. அதனாலேயே ட்ரம்ஸின் அறை கன்னத்தில் விழுந்த மாதிரி கேட்கிறது.

இதுவரை ப்ளக்-இன்னுக்கு நல்ல மார்க். மட்டமாக வெட்டலாம், அல்லது உச்சியை உருட்டி வழவழப்பாக்கும் வளைவுகளில் ஒன்றை எடுக்கலாம். வெட்டிய அலையிலிருந்து மூலத்தில் இல்லாத புதிய ஒலிகள் மேல் ஸ்தாயியில் கிளம்பும். அவற்றில் சில 22 கிலோஹெர்ட்ஸ் சுவரில் மோதித் திரும்பி, சுருதிக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் வந்து உட்காரும். 'ஓவர்ஸாம்ப்ளிங்' என்ற வசதி இதை மட்டுப்படுத்துகிறது. ஓசியில் கொடுக்கும் சாமானில் இதையும் வைத்திருக்கிறார்கள். சபாஷ்.

வில்லங்கம், ட்ரம்முக்கென்று இருந்த அரிவாளை முழுப் பாட்டின் கழுத்திலும் வைக்கும்போது ஆரம்பிக்கிறது. சத்தம் குறைந்தால் காதுக்குக் கீழ் ஸ்தாயி சீக்கிரம் மங்கிவிடும் என்று பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்ஸனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். ஒரே பாட்டை இரண்டு தரம் போட்டு, ஒன்றை மட்டும் லேசாக உயர்த்தினால், 'ரெண்டாவதுதான் சார் நல்லா இருக்கு' என்பீர்கள். ரிக்கார்டு கம்பெனிகளுக்கு இது தெரியாதா? 1990-களிலிருந்து சி.டி.க்கள் வருஷா வருஷம் சத்தமாகிக்கொண்டே போயின.

உச்சம், 2008 செப்டம்பரில் வந்த மெடாலிகாவின் 'டெத் மேக்னெட்டிக்'. பாட்டுக்கள் மோசமில்லை. சொல்லப்போனால் அதற்கு முந்தைய ஆல்பத்தைவிட உயிருள்ளவை. 'தி டே தட் நெவர் கம்ஸ்' கிட்டத்தட்ட எட்டு நிமிஷப் பாட்டு. சாதுவாகத் துவங்கி, கடைசியில் தலைதெறிக்க ஓடுகிறது. அந்த ஏற்றம்தான் பாட்டின் கதையே. சி.டி.யில் அந்த ஓட்டம் வரும்போது ஏற இடமில்லை; கூரை எப்போதோ வந்துவிட்டது. ட்ரம்ஸ் தகரத்தைக் கீறுகிறது.

அதே ஆல்பம் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமுக்காகவும் வந்தது. அங்கே போன ட்ராக்குகளுக்கு இந்தச் சீவல் நடக்கவில்லை. ரசிகர்கள் இரண்டு அலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கேமில் மேடும் பள்ளமும். சி.டி.யில் செங்கல். மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுப் போட்டார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன்னிடம் வந்தபோதே அது நசுங்கித்தான் இருந்தது என்று சொல்லிவிட்டார். கொஞ்சம் யோசியுங்கள். பாட்டுக்காகவே காசு கொடுத்து சி.டி. வாங்கியவரைவிட, ப்ளாஸ்டிக் கிட்டாரில் பட்டன் அமுக்கின பையன் நல்ல சங்கீதம் கேட்டான்!

'உடைந்த சத்தமே ஆகாதா?' என்று கிட்டார் கோஷ்டி சண்டைக்கு வரும். ஆகும். 1964-ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கர் கோனை ப்ளேடால் கிழித்துத்தான் 'யு ரியலி காட் மி'யில் அந்த உறுமலைக் கொண்டுவந்தார். கிழிந்தது கிட்டார் சத்தம் மட்டும். பாடுகிறவர் தொண்டையைக் கிழிக்கவில்லை.

இதில் பரிதாபம், பந்தயமே ரத்தாகிவிட்டது. காதுக்குப் படும் சத்தத்தை அளக்க 2006-ல் சர்வதேச அளவுகோல் வந்தது. இன்றைக்கு ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான செட்டிங்கில் பாட்டுக்களை மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். என்ற மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. யூட்யூபும் சத்தமானவற்றைக் குறைத்துவிடுகிறது. கத்தினவனுக்கும் பேசினவனுக்கும் ஒரே வால்யூம். சீவிச் சம்பாதித்த சத்தத்தை அவர்கள் பிடுங்கிக்கொள்கிறார்கள். சீவின காயம் உங்களுடையது. வெட்டின தலையைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

அப்படியும் பழக்கம் விட்டபாடில்லை. உங்கள் வீட்டு ஸ்டுடியோக்காரருக்கு ஒரு பரீட்சை வையுங்கள். க்ளிப்பரைப் போட்டபின் அவுட்புட்டைக் குறைத்து, போடாதபோது இருந்த அதே சத்தத்துக்குக் கொண்டுவரட்டும். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கட்டும். அப்போதும் க்ளிப்பர் போட்டதுதான் நன்றாயிருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். ட்ரம்ஸ் பெரும்பாலும் பாஸாகிவிடும். முழுப் பாட்டின் மேல் ஆறு டெசிபெல் சீவினது பாஸாகி நான் கேட்டதில்லை.