விளிம்பில் பிறக்கும் தெளிவு

மைசூரு அம்பா விலாஸ் அரண்மனையில், மன்னரின் தனி தர்பார் மண்டபத்து வாசலில் ஈட்டி மரக் கதவு ஒன்று உண்டு. தந்தம் பதித்த கதவு. 1897-இல் பழைய மர அரண்மனை தீக்கு இரையான பிறகு, ஹென்றி இர்வினின் வடிவமைப்பில் எழும்பி 1912-இல் முடிந்த கட்டடம் இது. பார்க்க வரும் கூட்டம் பெரும்பாலும் கூரையின் வண்ணக் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தபடியே நகர்ந்துவிடும். கைவேலை தெரிந்தவரின் கண் அப்படி நகராது. தந்தத்தின் வெண்மையும் மரத்தின் கருஞ்சிவப்பும் சந்திக்கிற கோட்டில் போய் நின்றுவிடும். வெட்டிய துண்டும் அதற்காகத் தோண்டிய பள்ளமும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விசுவாசமாக இருக்கின்றன என்பதுதான் அங்கே பார்க்க வேண்டியது.

இன்று மைசூருவில் யாரும் தந்தம் பதிப்பதில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-இல் வந்த திருத்தம் இந்திய யானைத் தந்த வியாபாரத்தை நிறுத்தியது. 1991 திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் கதவை மூடியது. நல்லதுதான் நடந்தது. பட்டறைகளில் தந்தம் இருந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் வந்தது. புவிசார் குறியீடு பெற்ற மைசூரு ஈட்டிமரப் பதிப்பு வேலையில் இப்போது வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் அதுவே. பிளாஸ்டிக் என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் ஒரு நிமிடம் பொறுக்கலாம். பொருள் மாறியதே தவிர, மெல்லிய பிளேடு போட்ட ரம்பத்தால் கோட்டின் மேலேயே அறுப்பது, ஓரத்தை அரத்தால் திருத்துவது, தேய்ப்பது, மெருகேற்றுவது எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. சேர்த்த இடத்தில் நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டக் கூடாது என்ற கணக்கும் மாறவில்லை.

பதிப்பு வேலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பொழுதுபோக்காக அக்ரிலிக் குழாயோடு மல்லுக்கட்டுகிறவர்களின் வேலை அந்நியமாகத் தெரியாது. மீன்தொட்டிக்கு வடிகுழாய் செய்கிறவர், மேசைக் கணினியைக் குளிர்விக்க நீர் ஓடும் குழாய் வளைக்கிறவர், விளக்குக்குத் தண்டு செய்கிறவர், பிள்ளைகளுக்குக் கலைடாஸ்கோப் செய்து கொடுக்கிறவர் எனப் பலர் இந்தக் குழாயை அறுக்கிறார்கள். அறுப்பவர் பலர் என்றாலும் அதை அழகாக முடிப்பவர் சிலர்தான்.

இரண்டு கலைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஈட்டியைத் தேய்த்து அரக்குப் பாலிஷ் போட்டால், உள்ளே ஒளிந்திருந்த ரேகை மேலே வரும். பலாவின் மஞ்சளும் கருங்காலியின் கறுப்பும் ஆழம் பெறும். மரம் தன்னிடம் இருப்பதைக் காட்டும். அக்ரிலிக்கிடம் காட்டுவதற்கு ரேகையும் இல்லை, நிறமும் இல்லை. அதில் தெரியக்கூடியது ஒன்றே ஒன்று: வேலை செய்தவரின் கைத்தடம். அந்தத் தடம் ஒன்றுகூட மிஞ்சாமல் எடுப்பதுதான் இங்கே கலை. அந்த வகையில் இது மரவேலையைவிடக் கண்டிப்பானது.

குழாயின் உடம்பு தொழிற்சாலையிலிருந்தே பளபளப்பாக வருகிறது. அதற்காக யாரையும் பாராட்ட வேண்டியதில்லை. அறுத்த விளிம்புதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

1930-களில் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் சந்தைக்கு வந்த பொருள் அக்ரிலிக். பெர்ஸ்பெக்ஸ், பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயர்களும் அப்போது வந்தவைதான். எடை கண்ணாடியின் பாதிக்கும் குறைவு. தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 92 சதவீதத்தை மறுபக்கம் அனுப்பிவிடும். மீதி எட்டும் பெரும்பாலும் உள்ளே தொலைவதில்லை. முன்பரப்பில் நாலு, பின்பரப்பில் நாலு என்று பிரதிபலித்துத் திரும்புகிறது. பொருளுக்குள் வெளிச்சத்துக்குத் தடையே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆகவே மங்கல் என்று ஒன்று இருந்தால் அது மேல்தோலில்தான் இருக்கும். மேல்தோலில் இருப்பதைக் கையால் எடுத்துவிட முடியும். இந்த வேலைக்கு இருக்கிற நம்பிக்கையெல்லாம் இந்த ஒரு உண்மையிலிருந்து வருகிறது.

அறுப்பதிலிருந்து தொடங்கலாம். வட்டக் குழாயில் நேர்கோடு போடுவது தச்சருக்கே கொஞ்சம் தொல்லை. நேரான ஓரமுள்ள காகிதப் பட்டையைக் குழாயைச் சுற்றி, ஓரம் ஓரத்தோடு பொருந்தும்படி ஒட்டிவிட்டால் கோடு தானாகக் கிடைக்கும். பிளேடு நுண்பல் கொண்டதாக இருக்க வேண்டும். அங்குலத்துக்கு முப்பத்திரண்டு பல் இருக்கும் ஹேக்ஸா பிளேடு கைவேலைக்கு நன்றாக ஒத்துழைக்கும். ஒரே பக்கமாக அறுத்துக்கொண்டே போனால், பிளேடு மறுபக்கம் வெளியேறும்போது சில்லு பெயரும். அதனால் கோட்டைச் சுற்றிலும் மெல்லக் கீறி, குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி அறுப்பார்கள். வேகமும் கூடாது. நூறு டிகிரி செல்சியஸைக் கொஞ்சம் தாண்டினாலே அக்ரிலிக் இளகும். உராய்வில் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். இளகிய தூள் பல்லில் அப்பிக்கொள்ளும், சில சமயம் பிளேடுக்குப் பின்னாலேயே வெட்டு ஒட்டிக்கொள்ளும். அறுக்கும்போது உதிர்வது உலர்ந்த வெள்ளைத் தூளாக இருந்தால் வேகம் சரி.

குழாயிலும் இரண்டு ஜாதி உண்டு. அச்சில் ஊற்றிச் சுழற்றி வார்த்தது ஒன்று. உருக்கி அச்சுத்துளை வழியே தள்ளி எடுத்தது இன்னொன்று. இரண்டாவதில் சுவர்க் கனம் சீராக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அதற்குள் இறுக்கம் தங்கியிருக்கும், தேய்க்கும்போது சீக்கிரம் பிசுபிசுக்கும். மெருகுக்கென்றே வேலை செய்கிறவர் வார்த்த குழாயைத் தேடிப் போவார். அந்த அலைச்சல் வீண் போகாது.

அறுத்த விளிம்பு வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியதுபோல இருக்கும். பிசிறை அரத்தால் எடுத்த பிறகு வாட்டர் பேப்பர் வேலை தொடங்குகிறது. தடித்த கண்ணாடிப் பலகையில் தாளை விரித்து, தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு கலந்து தெளித்து, குழாயைச் செங்குத்தாக நிறுத்தி எட்டு வடிவத்தில் ஓட்ட வேண்டும். 220, 400, 600, 1000, 1500, 2000 என்று எண் ஏற ஏறத் தாள் நுண்மையாகும். ஒவ்வொரு தாளுக்கும் ஒரே வேலைதான்: முந்தைய தாள் போட்ட கீறலை அழித்து, அதைவிடச் சிறிய கீறலைப் போடுவது. 400-இல் விட்டுவைத்த ஒரு கோட்டை 2000-ஆல் எடுக்கவே முடியாது. அதனால் தாள் மாறும்போது தேய்க்கும் திசையையும் மாற்றிக்கொள்வார்கள். பழைய கீறல் குறுக்கே கிடந்தால் கண்ணில் பட்டுவிடும். நடுவில் குழாய், பலகை, கை மூன்றையும் கழுவாமல் அடுத்த தாளுக்குப் போகக் கூடாது. முரட்டு மணல் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தாலும் செய்த வேலை முழுதும் பாழ்.

இந்தக் கட்டத்தில் பொருள் காட்டும் ஒரு மாயம் ரசிக்கத்தக்கது. ஈரமாக இருக்கும்போது 600 தாளிலேயே விளிம்பு தெளிந்துவிட்டதுபோலத் தெரியும். துணியால் துடைத்து ஒரு நொடி விட்டால், வெள்ளை மங்கல் திரும்ப வந்து உட்காரும். தண்ணீர் கீறல்களை நிரப்புகிறது. ஒளியை வளைப்பதில் காற்றைவிடத் தண்ணீர் அக்ரிலிக்குக்கு நெருக்கமானது என்பதால் சிதறல் குறைகிறது. ஈரம் போனால் உண்மை வெளியே வரும். தேர்ந்தவர்கள் ஈர விளிம்பைப் பார்த்து எந்த முடிவுக்கும் வருவதில்லை. துடைத்து, காயவிட்டு, விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்த பிறகுதான் அடுத்த தாளை எடுக்கிறார்கள்.

கடைசி மெருகுக்கு இரண்டு வழிகள். ஒன்று நெருப்பு. ஹைட்ரஜன் சுடரை விளிம்பின் மேல் ஒரே வீச்சில் ஓட்டினால் மேல்தோல் உருகிப் பளிங்காகிவிடும். பெயர்ப்பலகைப் பட்டறைகளில் வேலை இப்படித்தான் நடக்கிறது, நேரமும் மிச்சம். ஆனால் கூர்மையான விளிம்பு இலேசாக மழுங்கி உருண்டுவிடும். உள்ளே புதிதாக இறுக்கமும் சேரும். மற்றது துணிச் சக்கரமும் பாலிஷும். கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் ரப்பிங் காம்பவுண்டைப் பஞ்சுத் துணியில் தொட்டுக் கையாலேயே தேய்க்கலாம். மணிக்கட்டு வலிக்கும் என்பதைத் தவிர அதில் குறை இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கையால் தேய்த்த விளிம்பே உயர்ந்தது. முகப்பு தட்டையாக, ஓரம் கூராக நிற்கும். நெருப்பில் முடித்த விளிம்பு எப்போதும் கொஞ்சம் ஈரமாக இருப்பதுபோலவே தோன்றும்.

நன்றாக முடித்த குழாயின் ஒரு முனையில் சிறு எல்.ஈ.டி. விளக்கை வைத்தால், இருட்டில் நடுக்குழாய் மங்கியே கிடக்க, மறுமுனையின் வட்டம் மட்டும் எரியும். சுவருக்குள் புகுந்த வெளிச்சம் வெளியேற வழியின்றி மோதி மோதித் திரும்பி, விளிம்புக்கு வந்து சேர்கிறது. நடுவில் எங்காவது கீறல் இருந்தால் அந்த இடமும் ஒரு கோடாக எரிந்து காட்டிக்கொடுக்கும். இதைவிட நேர்மையான தேர்வு கிடையாது.

வளைப்பது தனி வித்தை. குழாய்க்குள் சிலிக்கோன் கயிற்றைச் செருகிவிட்டு, ஹீட் கன்னின் முன்னால் உருட்டிக்கொண்டே இருந்தால், 150 டிகிரி அளவில் நீரில் ஊறிய பிரம்புபோலத் தளரும். அப்போது வளைத்து, ஆறும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். கயிறு இல்லையென்றால் வளைவின் உட்பக்கம் மடிந்து நசுங்கும். அக்ரிலிக் காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் குடிக்கும் பொருள். மழைக்காலத்துக் குழாயை உலர்த்தாமல் சூடேற்றினால் உள்ளே குமிழிகள் கிளம்பும். அவற்றை எந்தத் தாளாலும் எடுக்க முடியாது.

இந்தப் பொருளை மெருகேற்றுவதில் தமிழ்நாட்டுக்கும் பெருமையான ஒரு பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில், விமான மூடியின் அக்ரிலிக் சில்லுகள் விமானிகளின் கண்ணில் ஏறியும் அழற்சி உண்டாக்காமல் கிடந்ததைக் கண் மருத்துவர் ஹரால்டு ரிட்லி கவனித்தார். 1949-இல் லண்டனில் அதே பொருளால் ஆன செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தினார். அரவிந்த் கண் மருத்துவமனையின் முயற்சியில் 1992-இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப், அந்த வில்லையைக் கடைந்து மெருகேற்றி, வெளிநாட்டு விலையில் ஒரு சிறு பங்குக்குக் கொடுத்தது. எளிய மக்களின் கண்புரை சிகிச்சை அதனால் மாறிப்போனது. திருவள்ளூரின் ரங்கா பேனாக்காரர்கள் எபோனைட்டையும் அக்ரிலிக்கையும் கடைசல் இயந்திரத்தில் கையால் கடைவதும் இதே குடும்பத்து வேலைதான். பேனாவின் உடல் கண்ணாடிபோலத் தெளிவாக வேண்டுமென்றால், துளையிட்ட உட்புறத்தையும் மெருகேற்றியாக வேண்டும். வெளிப்புறம் எவ்வளவு பளபளத்தாலும் உள்சுவரில் துரப்பணத்தின் வளையங்கள் தெரிந்தால் பேனா மங்கலாகத்தான் இருக்கும். மரக்குச்சியில் துணி சுற்றி, பாலிஷ் தொட்டு, உள்ளே விட்டுச் சுழற்றுவது மெதுவான வேலை. வாங்குகிறவர் அதைக் கவனிக்கவே மாட்டார். கவனிக்காமல் இருப்பதற்காகத்தான் அவ்வளவு பாடு.

ஒட்டும் இடத்தில்தான் பலருடைய வேலை கெடுகிறது. அக்ரிலிக்கைப் பெரும்பாலும் பசையால் ஒட்டுவதில்லை. பட்டறைகளில் குளோரோஃபார்ம் அல்லது டைகுளோரோமீத்தேனை ஊசியில் எடுத்து, பொருந்திய விளிம்பின் ஓரத்தில் ஒரு துளி விடுவார்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஆவியை முகர்ந்துவிடக் கூடாது. துளி மயிரிழை இடைவெளிக்குள் தானாக ஓடி, இரண்டு பரப்பையும் இளக்கி ஒன்றாக்கும். அதனால் ஒட்டும் முகத்தை நுண்தாளில் தட்டையாக்குவதோடு நிறுத்த வேண்டும். சக்கரத்தில் மெருகேற்றினால் ஓரம் உருண்டு இடைவெளி விழும். நெருப்பில் முடித்த விளிம்பிலோ, இறுக்கம் போகாத குழாயிலோ திரவம் பட்டால், சில நிமிடங்களிலோ சில நாட்களிலோ உள்ளே மயிர் விரிசல்கள் வலைபோலப் பரவும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாலும் அதே கதிதான். ஒட்டுவதற்கு முன் குழாயை எண்பது டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்து, அடுப்புக்குள்ளேயே மெல்ல ஆறவிட்டால் இறுக்கம் தளர்ந்துவிடும். சுவர் தடிப்பாக இருந்தால் நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.