தரவுக் களஞ்சிய நூல்களும் உரைநெறியும்: செஞ்சியை எடுத்துக்காட்டாகக் கொண்ட ஓர் ஆய்வு

நூலால் வரும் அறிவு எத்துணை, பிற வழிகளால் வரும் அறிவு எத்துணை என்னும் வினா தமிழ்க் கல்வி மரபிற்குப் புதியதன்று. ஆசிரியன் உரைத்ததை அமைவுறக் கொண்ட மாணாக்கனும் புலமையிற் காற்கூறே பெறுவான் என்றும், உடன் பயில்வாரொடு பழகுதலால் மற்றொரு காற்கூறு வரும் என்றும், பிறர்க்குச் செவ்விதின் விரித்துரைத்தலாலேயே எஞ்சிய அரைக்கூறு நிரம்பும் என்றும் பவணந்தியார் நன்னூற் பொதுப்பாயிரத்துள் வகுத்தார். இவ்வரையறை இலக்கணம் கற்பார்க்கே உரியதன்று. எத்துறை நூலைக் கற்பார்க்கும் பொருந்துவதாம்.

கணிப்பொறி இயலுள் 'தரவுக் கிடங்கு', 'வணிக நுண்ணறிவு' எனத் தமிழில் வழங்கும் இரு துறைகளும் இன்று பெரும்பாலும் ஆங்கில நூல்களைக் கொண்டே கற்கப்படுகின்றன. ஒரு நிறுவனத்தின் பல பிரிவுகளிலும் நாள்தோறும் எழும் பதிவுகளை ஒருங்கு திரட்டி, ஒத்த வடிவினவாக்கி, நெடுங்காலம் காத்து, ஆராய்ச்சிக்கு உதவுமாறு வைப்பது முன்னையது. அத்திரட்டினின்று செயலுக்கு வழிகாட்டும் முடிவுகளைக் காண்பது பின்னையது. இத்துறை நூல்களை நம் நூலிலக்கணம் கொண்டு மதிப்பிடுதலும், அவற்றைக் கற்கும் தமிழ் மாணாக்கர்க்கு நேரும் இடர் யாது எனக் காணுதலும் இக்கட்டுரையின் நோக்கமாம். அவ்விடர் கலைச்சொற்பட்டியால் மட்டும் நீங்காது. உரையால் நீங்கும் என்பதே ஈண்டு நிறுவப்பெறுவது. எடுத்துக்காட்டுகள் செஞ்சியினின்று கொள்ளப்பெறும். ஒரே கோட்டையைப் பற்றிப் பல அரசினர் பல மொழிகளில் எழுதிவைத்த ஊர் அஃது ஆதலின், பல இடத்துப் பதிவுகளை ஒன்றுபடுத்துதல் எத்தகைய பணி என்பதை அதனினும் தெளிவாகக் காட்டவல்ல ஊர் தமிழகத்திற் சிலவே.

1. இரு முதனூல்கள்

இத்துறையில் முதனூல் எனத்தக்கன இரண்டு. ஒன்று வில்லியம் இன்மன் 1992இல் வெளியிட்ட 'பில்டிங் தி டேட்டா வேர்ஹவுஸ்'. மற்றொன்று ரால்ஃப் கிம்பல் 1996இல் வெளியிட்ட 'தி டேட்டா வேர்ஹவுஸ் டூல்கிட்'. பின்னையது மார்கி ராஸ் என்பாரோடு இணைந்து 2002இலும் 2013இலும் திருத்திப் பதிப்பிக்கப்பெற்றது.

இன்மன் இலக்கணம் கூறித் தொடங்கும் இயல்பினர். களஞ்சியத்திற்கு அவர் கூறும் இயல்புகள் நான்கு: பொருள் நோக்கி அமைதல், ஒருமைப்பட்டிருத்தல், காலத்தொடு பொருந்தி நிற்றல், இட்டது அழியாமை. நிறுவனம் முழுமைக்கும் பொதுவான அடித்தளம் ஒன்றை முதலிற் கட்டி, அதனின்று ஒவ்வொரு பிரிவிற்கும் வேண்டுவன பிரித்தல் அவர் நெறி. கிம்பலோ ஒரு தொழில் நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு தொடங்குவர். நிகழ்ச்சியைத் தேர்தல், பதிவின் நுண்மையை உறுதி செய்தல், நோக்குகளை வகுத்தல், அளவுகளைக் குறித்தல் என நான்கு படி அமைத்து, தனித்தனிப் பகுதிகள் பொது நோக்குகளால் இணைந்து பெருங்களஞ்சியம் ஆகும் என்பர். முழுமையினின்று பகுதிக்கு வருவது ஒன்று. பகுதியினின்று முழுமைக்குச் செல்வது மற்றொன்று.

இரண்டையும் பகைநூல்களாகக் கருதி ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளுவார் உளர். எழுவகை மதங்களுள் இருவர் மாறுகோளில் ஒருதலை துணிதலும் ஒன்றே ஆயினும், துணியுமுன் மாறுகோள் எவ்விடத்து உள்ளது என அறிதல் வேண்டும். இவ்விரு நூலாரும் சேர்க்கத்தக்கது யாது என்பதில் பெரிதும் மாறுபடுகின்றிலர். எம்முறையிற் சேர்ப்பது என்பதிலேயே மாறுபடுகின்றனர். இவ்வேறுபாட்டை உணராது கற்பவர் இருவர் சொற்களையும் கலந்து மயங்குவர்.

2. பெயர்களும் அவை தரும் மயக்கமும்

முதற்கண் பெயர்களை நோக்குவோம். கிடங்கு என்னும் சொல் இன்று பண்டகசாலையைக் குறிப்பினும், பழந்தமிழில் அகழியைக் குறித்தது. செஞ்சிக்குக் கிழக்கே திண்டிவனத்தைச் சார்ந்த கிடங்கில், ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர்களுள் ஒன்றாகச் சிறுபாணாற்றுப்படையிற் பேசப்படுவது. அவ்வூர்ப் பெயரிலும் இச்சொல் நிற்றல் காண்க. அகழி பிறரைத் தடுப்பது. பண்டகசாலை பொருளை இட்டுவைத்து மறப்பதற்கும் இடம் தருவது. இத்துறை கருதும் பொருளோ, எடுத்து வழங்குவதற்கென்றே முறைப்படுத்தி வைத்த சேமிப்பு. செஞ்சிக் கோட்டையுள் இராசகிரியின் அடிவாரத்திலும் கிருட்டிணகிரியின் மேலும் நிற்கும் நெற்களஞ்சியங்களை நினைக. முற்றுகைக் காலத்துக் களஞ்சியத்தின் பயன் அதன் கொள்ளளவால் மட்டும் அமைவதன்று. உள்ளது எவ்வளவு, எத்துணை நாளைக்கு வரும் என்று அறிந்து அளந்து வழங்குவதால் அமைவது. எனவே களஞ்சியம் என்னும் சொல்லே பொருளுக்கு அணுக்கமானது. இக்கட்டுரையும் அதனையே ஆள்கின்றது.

'வணிக நுண்ணறிவு' என்பதும் உரை வேண்டுவதே. அவ்வாங்கிலத் தொடரை ஐ.பி.எம். நிறுவனத்து ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1958இல் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பாக இட்டார். ஆவணங்களைப் பொறியே சுருக்கி, யாவர்க்கு எது வேண்டும் எனத் தெரிந்து, வினை செய்வாரிடம் சேர்ப்பிக்கும் ஓர் அமைப்பை அவர் அதன்கண் விளக்கினார். வணிகம் எனத் தாம் கூறுவதனுள் அறிவியல், சட்டம், அரசு, பாதுகாப்பு முதலாய எல்லா வினைத்துறைகளையும் அடக்கினார். நுண்ணறிவு எனப் பெயர்க்கப்பெற்ற ஆங்கிலச் சொல்லோ அறிவுக்கூர்மையை மட்டுமன்றித் திரட்டிய செய்தியையும் குறிக்கும். திருக்குறளில் ஒற்றாடலும் தெரிந்துவினையாடலும் தனித்தனி அதிகாரங்களாக நிற்கின்றன. அவ்விரண்டன் பொருளும் சேர்ந்த இடத்தையே இத்தொடர் சுட்டுகின்றது. மாணாக்கன் வணிகத்தைக் கடைத்தொழில் எனவும் நுண்ணறிவைப் பொறியின் மதிநுட்பம் எனவும் கொண்டால், முதற்சொல்லிலேயே பொருள் வழுவிவிடும். வழக்கில் நிலைத்த தொடரை மாற்றுதல் வேண்டா. அதன்கீழ் உரை எழுதுதல் வேண்டும்.

3. பதிவின் நுண்மையும் கூட்டலும்

கிம்பல் நூலின் உயிர்நிலை, ஒரு வரிப் பதிவு எதனைக் குறிக்கின்றது என்பதை எல்லாவற்றிற்கும் முன் உறுதி செய்க என்னும் விதி. இதற்கு அவர் ஆளும் சொல் தானிய மணியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே. அந்நூல் முதலிற் காட்டும் வழக்கு அமெரிக்க மளிகை அங்காடித் தொடர் ஒன்றன் சில்லறை விற்பனை. அந்நாட்டார்க்கு அது விளங்கு உதாரணம். அத்தகைய அங்காடியைக் காணாத மாணாக்கனோ அதனைக் கற்பனையால் அமைத்துக்கொண்டு, பின்னர் விதியையும் கற்க வேண்டியவனாகின்றான்.

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தை எடுத்துக்கொள்வோம். சுற்றூர் உழவர் நெல்லைக் கொணர்ந்து விற்கும் இடம் அது. ஒரு வரி என்பது ஒரு நாளின் மொத்த வரவா, ஓர் உழவர் கொணர்ந்த அனைத்துமா, ஓர் உழவரின் ஒரு வகை நெல்லா? மூன்றாவதைக் கொண்டால் நாள், ஊர், உழவர், நெல்வகை என்பன நோக்குகள். மூட்டை, எடை, பெற்ற தொகை என்பன அளவுகள். முதலாவதைக் கொண்டாலோ எவ்வூரினின்று எவ்வகை நெல் மிகுதியாக வந்தது என்னும் வினாவிற்கு விடை காணுதல் என்றும் இயலாது. விரிந்ததைத் தொகுக்கலாம்; தொகுத்ததை மீள விரிக்கவொண்ணாது. விதியின் காரணம் இவ்வளவே.

கூட்டத்தகுவனவும் கூட்டத்தகாதனவும் பற்றிய பகுதியும் இவ்வாறே விளங்கும். களஞ்சியத்திற்குத் திங்கட்கிழமை வந்த நெல்லையும் செவ்வாய்க்கிழமை வந்த நெல்லையும் கூட்டலாம். திங்கட்கிழமை இருந்த இருப்பையும் செவ்வாய்க்கிழமை இருந்த இருப்பையும் கூட்டின், ஒரே நெல் இருமுறை எண்ணப்படும். ஆயின் ஒரே நாளில் இரு களஞ்சியங்களின் இருப்பைக் கூட்டுதல் பொருந்தும். இடத்தால் கூட்டத்தக்கது காலத்தால் கூட்டத்தகாமை இதனாற் பெறப்படும். கையிருப்பு பற்றிய இயலில் கிம்பல் கூறுவதும் இதுவே.

4. ஓர் ஊர், பல பெயர்

இன்மன் கூறும் ஒருமைப்பாடு, கிம்பல் கூறும் பொது நோக்கு என்னும் இரண்டிற்கும் செஞ்சியின் வரலாறே சிறந்த உரையாகும். பீசப்பூர் ஆட்சியினர் இக்கோட்டையைப் பாத்ஷாபாத் என்றனர். சிவாசி 1677இல் கைப்பற்றிய பின் மராத்தியர் சந்தி என்றனர். எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் கொண்ட முகலாயர், படைத்தலைவர் சுல்பிகார் கானின் நுஸ்ரத் சங் என்னும் விருதுப்பெயரால் நுஸ்ரத்கட் என்றனர். 1750இல் பிரெஞ்சியரும் 1761இல் ஆங்கிலேயரும் கைக்கொண்டு தத்தம் வாய்க்கு ஏற்ப எழுதினர். இவை ஓரிடத்தையே சுட்டுவன என அறியாது பதிவுகளைத் திரட்டினால், ஒரு கோட்டை ஐந்து கோட்டையாகிவிடும்.

காலக்குறிப்பும் அத்தகையதே. ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியையே வழங்கினர். பிரெஞ்சியர் புதியதை வழங்கினர். ஆதலின் 1750 செப்டம்பரில் பிரெஞ்சியர் செஞ்சியைக் கொண்ட நிகழ்ச்சி இருசாரார் பதிவிலும் 11 நாள் வேறுபடும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்போ ஐரோப்பிய நாளோடு தமிழாண்டையும் திங்களையும் குறிக்கும். தமிழாண்டுப் பெயர் 60 ஆண்டிற்கு ஒருமுறை மீள வருவது; பெயரை மட்டும் கொண்டு ஆண்டைத் துணிதல் இயலாது. பதிவோடு வந்த அடையாளத்தை நம்பாது, களஞ்சியம் தனக்கென ஓர் எண்ணை இட்டுக்கொள்ளல் வேண்டும் எனக் கிம்பல் வற்புறுத்துவதன் காரணம் இதனால் விளங்கும்.

இப்பணியைக் கணிப்பொறியின்றிச் செய்து காட்டிய நூல் ஒன்று நம்மிடை உண்டு. சி. எஸ். சீனிவாசாச்சாரியார் எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாறே அது. மெக்கன்சி தொகுப்பைச் சேர்ந்த கருநாடக இராசாக்கள் சவிஸ்தார சரித்திரம், பாரசீக, மராத்தியப் பதிவுகள், ஏசு சபையார் கடிதங்கள், பிள்ளையின் நாட்குறிப்பு முதலாய பல்வேறு மூலங்களை ஒப்புநோக்கி ஒரு கால ஒழுங்கில் அமைத்தது அந்நூல். இதனைக் கூறுதலால், நம் முன்னோர் இத்துறையை முன்பே அறிந்திருந்தனர் என்பது கருத்தன்று. இடர் ஒத்தது, கருவி வேறு. இடரை அறிந்தானுக்கே கருவியின் பயன் புலனாகும்.

மெல்ல மாறும் நோக்குகள் என்பது மாணாக்கர் பலர் மனப்பாடம் செய்து, பொருள் கொள்ளாது விடும் பகுதி. செஞ்சி 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு மாவட்டம் பிரிக்கப்பட, விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊர்ப்பட்டியில் பழம்பெயரை அழித்துப் புதுப்பெயர் எழுதினால், 1990ஆம் ஆண்டின் தென்னார்க்காட்டு விளைச்சலினின்று செஞ்சியின் பங்கு மறைந்துபோம். இது முதல்வகை. பழைய வரியைக் காலஎல்லையொடு நிறுத்திப் புதுவரி சேர்த்தால் இரு காலமும் உண்மை வழுவாது நிற்கும். இஃது இரண்டாம் வகை. ஒரே வரியில் முன்னைப் பெயர், இன்றைப் பெயர் என இரண்டையும் எழுதுதல் மூன்றாம் வகை. எவ்வகை சிறந்தது என்பது விடுக்கப்படும் வினாவைப் பொறுத்தது.

5. குணமும் குற்றமும்

நன்னூலார் கூறிய பத்தழகுகளுள் முறையின் வைப்பும் ஆழமுடைமையும் இன்மன் நூலில் மிகுந்துள்ளன. ஒரு வழக்கைத் தொடக்கமுதல் முடிவுவரை நடத்திக் காட்டுதல் அதன்கண் அருகியே காணப்படும். கிம்பல் நூலில் விளங்கு உதாரணம் சிறந்துள்ளது. ஆயின் கோட்பாடுகள் பல்வேறு தொழில் வழக்குகளுள் விரவிக் கிடத்தலின், ஒரு பொருளைப் பற்றிய விதி அனைத்தையும் ஓரிடத்திற் காணல் அரிது. இலக்கணத்தை முன்னதிலும் இலக்கியத்தைப் பின்னதிலும் கற்றல் தகும்.

இவற்றின் வழியே எழுந்த சார்பு நூல்களுட் பல, ஒரு நிறுவனம் விற்கும் மென்பொருளின் திரைகளையும் பொத்தான்களையும் விளக்குவன. மென்பொருளின் பதிப்பு மாறியவுடன் அவை பயனிழக்கின்றன. இது நின்று பயனின்மை என்னும் குற்றம். கருவி பழகுவார்க்கு அவை வேண்டுவனவே. எனினும் அவற்றையே துறையெனக் கொண்டு தொடங்குபவர் கருவி மாறுந்தோறும் மீண்டும் கற்கத் தொடங்குவர்.

6. முடிபு

நூலின் எடுத்துக்காட்டு கற்பான் அறியாத உலகத்தினின்று வருதலே நம் மாணாக்கர்க்கு நேரும் முதன்மையான இடர் என்பது மேற்காட்டியவற்றால் பெறப்படும். விதி அறிந்தும் தன்னூரின் பதிவேட்டில் அவ்விதி எங்குள்ளது எனக் காணமாட்டாதவன், நன்னூலார் கணக்கின்படி காற்கூற்றளவிலேயே நின்றவன். கலைச்சொல்லாக்கம் சொல்லுக்குச் சொல் தருகின்றது, அதற்கு மேற்செல்வதில்லை. சொற்பொருள் விரித்து, எடுத்துக்காட்டுக் கூறி, வினாவும் விடையும் அமைத்துப் பொருளை நிலைநாட்டுவது உரை. அக்கலை நம் துறைகளிற் போல் பிறவிடத்துப் பயிற்றப்படுவதில்லை.

2025 சூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் மராத்தியர் படைநிலைகள் என்னும் தொகுதியின் 12 கோட்டைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பெற்றது. அது மராத்தியர் என்னும் ஒரு நோக்கின்வழிச் செய்த வகைப்பாடு. நாயக்கர், பீசப்பூரார், முகலாயர், பிரெஞ்சியர் என்னும் நோக்குகளும் அக்கோட்டைக்கு உண்டு. எல்லா நோக்கிற்கும் இடந்தருமாறு செஞ்சி பற்றிய பதிவுகளைத் திரட்டி ஒரு களஞ்சியம் அமைப்பதாயின், அதற்குக் கணிப்பொறி வல்லாரும் வேண்டும். மூலங்களைப் படித்துப் பெயரும் காலமும் துணியவல்ல தமிழ்ப் புலமையாளரும் வேண்டும். பின்னவர் தம் பங்கைச் செய்தற்கு, இம்முதனூல்கள் இரண்டிற்கும் நம் வழக்குகளை எடுத்துக்காட்டாகக் கொண்ட தமிழுரை எழுதுதல் முதற்பணியாம். பிறர்க்கு விரித்துரைக்கும் அவ்வரைக்கூற்றுப் புலமை அப்பணியாலேயே நிரம்பும்.