‘அளி’ என்னுஞ் சொல்

காட்டாங்குளத்தூரை அடுத்துள்ள மறைமலை நகர், 1916-இல் தனித்தமிழியக்கந் தொடங்கிய மறைமலையடிகளின் பெயர் தாங்கியது. அடிகள் தாம் நடத்திய ‘ஞானசாகரம்’ என்னுந் திங்களிதழின் பெயரையும் ‘அறிவுக்கடல்’ என மாற்றியவர். அவர் நெறி நின்று, ‘ரசமான பழம்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் யாதென வினவுவார்க்குச் ‘சாறு’ என்பதே பலரும் விடையாகக் கூறுவர். சாறு என்பது பொருளின் பெயர். பழம் சாறு நிறைந்து குழைந்த நிலையை உணர்த்துவது ‘அளிதல்’ என்னும் வினையேயாம்.

‘அளிந்த’ என்பதற்கு அழுகிய என்பதே பொருளென்பாரும் உளர். மலையாளத்தில் ‘அளிஞ்ஞ’ என்பது அழுகியதனைச் சுட்டுதல் அவர்க்குத் துணையாகும். அஃது அளவு கடந்த நிலைபற்றி வந்த பொருளெனக் கோடலே பொருந்தும். என்னை? அளாவுதல், அளைதல் என்பன கலத்தலையும், அளறு என்பது நீரொடு குழைந்த சேற்றையும் உணர்த்தலின் என்க. காயில் இறுகி நின்ற சதை, பழுத்தபொழுது சாற்றொடு பிரிவறக் குழைதலே அளிதலாம். அக்குழைவு எல்லை கடந்தவிடத்தே அழுகல் நிகழும்.

இனி, அளி என்பது அருளையும் உணர்த்தும். ஈரப்பொருட் சொற்கள் அன்பின்மேற் சேறல் தமிழ்க்கு இயல்பு. திருவள்ளுவர் இனியவை கூறலின் முதற்குறளில் ‘ஈரம்’ என்பதனை அன்பின் பொருட்டாக ஆண்டார். ‘கனிவு’ என்பதும் பழத்திற்கும் நெஞ்சிற்கும் பொது. திருமாளிகைத்தேவர் தம் திருவிசைப்பாவின் முதற்பாட்டில் அளி மிக்க உள்ளத்தையும் ஆனந்தமாகிய கனியையும் ஒருங்கு வைத்தமையும் ஈண்டுக் கருதற்பாலது. அழுகற்பொருளே முதற்பொருளெனக் கொள்வார்க்கு இவ்வியைபின் நயம் புலப்படாது ஒழியும்.

சித்தாந்தமும் ‘பரிபாகம்’, ‘பக்குவம்’ எனப் பழுத்தலைக் குறிக்குஞ் சொற்களையே ஆளுகின்றது. பழத்தின் சாறு புறத்திருந்து பெய்யப்படுவதன்று. ஆயினும் வெம்மையின்றிக் காய் தானே பழுப்பதுமன்று. அதுபோலத் திரோதான சத்தி மறைந்து நின்று மலத்தைப் பரிபாகப்படுத்த, அதன்பின் சத்திநிபாதம் நிகழும். உயிர் அன்பாற் குழையும்.

பழம் அளிந்தபின் அழுகும்; திருவருளிற் குழைந்த உயிர்க்கு அக்கேடு இல்லை. ஆதலின் உவமையை அவ்வளவிற் கொள்க.